உப்பே இல்லாத வீட்டில் கிடைத்த ஆறு டப்பா

சைகோன், முதல் வட்டாரப் போலீஸ் நிலையம். 1967 மார்ச் 6, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. இன்ஸ்பெக்டரின் கேள்விகளை வியட்நாமிய மொழியிலிருந்து தமிழில் சொல்லி, பதில்களைத் தமிழில் எழுதிக்கொண்டவர், டோங் டு தெருப் பள்ளிவாசலுக்கு எதிரில் துணிக்கடை வைத்திருக்கும் காரைக்கால் நத்தர்ஷா.

என் பெயர் ஜிசேல். வயது நாற்பத்தொன்பது. சொந்த ஊர் புதுச்சேரி. கத்தோலிக்கர். கணவர் பெயர் மொரீஸ் ஞானாதிக்கம், வயது ஐம்பது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சர்ழானாக, அதாவது சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பென் தான் சந்தைக்குப் பின்னால், மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள சந்தில், சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. கன்னியர் பள்ளியில் படித்ததால் பிரெஞ்சு எழுதவும் படிக்கவும் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. வியட்நாமிய மொழியில் மீன் பேரம் பேசுவேன். உயிர் விவகாரத்தை அதில் பேச எனக்கு வராது என்பதால் தமிழில் சொல்கிறேன்.

என் மீதுள்ள புகார், கணவருக்குக் கொடுத்த சாப்பாட்டில் யாருக்கும் தெரியாமல் உப்பைக் கலந்து அவரை மெல்ல மெல்லக் கொல்லப் பார்த்தேன் என்பது. புகார் கொடுத்தவர் என் நாத்தனார், அதாவது கணவரின் உடன்பிறந்த அக்கா ஜோசெட்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு விண்ணப்பம் உண்டு. என் வீட்டுச் சமையலறையில் நேற்று ஆறு தகர டப்பாக்களைக் கைப்பற்றினார்கள். அவை இப்போது இந்த மேசை மேல்தான் இருக்கின்றன. அவை என் கணவரின் மருந்து. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவருக்கு மருந்து போகவில்லை. என்னை உள்ளே விட வேண்டாம் என்று என் நாத்தனார் வாசலில் சொல்லி வைத்திருக்கிறார். என்னைச் சிறையில் வைப்பதானாலும் வையுங்கள். முதலில் ஒரு டப்பாவை யார் கையிலாவது கொடுத்து அவருக்கு அனுப்பி வையுங்கள். இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி நத்தர்ஷாவிடம் கேட்டு, அவர் எழுதிய பிறகே மேற்கொண்டு சொல்கிறேன்.

சென்ற வருடம் ஏப்ரல் மாதம் என் கணவருக்குத் தலை சுற்றியது. டாக்டர் தாம் பாரிசில் படித்தவர். அவரிடம் அழைத்துப் போனேன். அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தான்சியோன் பத்தொன்பது என்றார். ரத்த அழுத்தத்தை எங்கள் வீட்டில் தான்சியோன் என்றுதான் சொல்வது. பத்தொன்பது என்றால் நூற்றுத்தொண்ணூறு. அதன் பிறகு அவர் ஒரு தாளில் 'ரெழீம் ஸான் ஸெல்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். உப்பில்லாத பத்தியம் என்று அர்த்தம். உப்புக்கல் ஒன்றுகூட நாக்கில் படக் கூடாது, பட்டால் ஒரு நாள் மூளையில் நரம்பு வெடிக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் அந்தச் சமயம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியைக் கீழே சைக்கிள் கடைக்காரர் மனைவியிடம் கொடுத்தேன். அதன் பிறகு கருவாடு, ஊறுகாய், மீன் சாறுப் புட்டி மூன்றையும் கொடுத்தேன். அன்று முதல் இன்று வரை என் வீட்டில் உப்பு கிடையாது. பிரெஞ்சில் ரெழீம் என்றால் ஆட்சியும்தான், இந்த ஊரில் அந்த ரெழீம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறியிருக்கிறது. எங்கள் வீட்டு ரெழீம் மட்டும் மாறவில்லை. கடைசி இரண்டு வாக்கியங்களை எழுத வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்வதற்குள் நத்தர்ஷா எழுதிவிட்டார்.

உங்களுக்கு எதற்குப் பத்தியம், உங்களுக்குத் தனியாகச் சமைத்துக்கொள்ளலாமே என்று கேட்கப்பட்டது. அவர் உப்பில்லாமல் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து நான் மட்டும் உப்புப் போட்டுச் சாப்பிட என்னால் முடியாது. அதனால் நானும் விட்டேன். சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை. ரசத்துக்கும் கை கழுவிய தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் விட்டேன்.

முதல் மாத முடிவில் தான்சியோன் பதினெட்டுக்கு இறங்கியது. ஆனால் ஆள் இளைத்துப் போனார். தட்டைப் பார்த்ததும் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் படுத்தபடியே, "நாப்பத்தஞ்சுல ஜப்பான்காரன் எங்களச் சிறையில போட்டான் ஜிசேல். அவன்கூட உப்புக் குடுத்தான்" என்றார். சாப்பிடாமலே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அந்தச் சமயம், மே மாதம் இரண்டாம் வாரம், சந்தைக்குப் போகும் நடைபாதையில் அமெரிக்கச் சாமான் விற்கும் பெண்ணிடம் இந்த டப்பாவைப் பார்த்தேன். நீல டப்பா. மேலே இறைச்சியின் படம். படத்துக்கு மேல் பெரிய எழுத்தில் 'க்யூர்' என்று போட்டிருந்தது. பிரெஞ்சில் க்யூர் என்றால் வைத்தியம், அதாவது நோயாளி இத்தனை நாள் இன்னது சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்வது. சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து அதிகமாக இருந்தது. அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகத்தான் போடுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'சோடியம்' என்ற சொல் இருந்தது. என் கணவர் வயிற்று உப்புசத்துக்குச் சாப்பிடும் பொடியின் புட்டியிலும் அதே சொல் உண்டு. மருந்துதான் என்பது எனக்கு உறுதியாயிற்று. இன்னொரு சொல், 'ஸால்' என்று ஆரம்பித்தது. பிரெஞ்சில் ஸால் என்றால் அழுக்கு. மருந்துச் சாமானில் அழுக்கு இல்லை என்று போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அமெரிக்க ராணுவச் சாமானை நடைபாதையில் வாங்குவது குற்றம் என்று தெரியாதா என்று கேட்கப்பட்டது. நான் வாங்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று முகச்சவரச் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தார். அவரது அடையாளத்தைச் சொல்லத் தயாராக இருக்கிறேன். கேட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து, தையல் நூலால் அளவாக மூன்று வில்லை அறுத்து, காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று வைத்தேன். முதல் வில்லையை வாயில் வைத்ததும் என் கணவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மருந்து கசக்கிறதோ என்று நான் கேட்டேன். அவர் வெகு நேரம் மென்றார். அதன் பிறகு, "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு. பரவால்ல. உனக்காக முழுங்குறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நானும் ஒரு துண்டு ருசி பார்க்கிறேன் என்று அன்றே சொன்னேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்தை நோய் இல்லாதவர்கள் வாயில் வைக்கக் கூடாது, பட்டாளத்தில் ஒருவன் அப்படித் தின்று ரத்தம் சுண்டிச் செத்தான் என்றார். என் மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்து, அதன் பிறகு அந்த டப்பாவை அறுத்த நூலைக்கூட நான் வாயருகே கொண்டு போனதில்லை.

அடுத்த மாதம் தான்சியோன் இருபது. டாக்டர் தாம் உப்புச் சேர்க்கிறீர்களா என்று கேட்டார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டில் உப்பே கிடையாது என்றார். அது உண்மை. மருந்து போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. மூன்று வில்லையை ஆறாக்கினேன். செப்டம்பரில் இருபத்தொன்று. ஒன்பதாக்கினேன். கிறிஸ்துமஸ் வந்தபோது இருபத்திரண்டு. நாளைக்கு ஒரு டப்பா என்று வைத்தேன். அவர் மறுக்கவில்லை. ஒரு நாளும் மறுத்ததில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். மருந்தின் உஷ்ணம் என்றார்.

டப்பாவைப் பற்றி டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டது. சொல்ல வேண்டும் என்று நான் இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் என் கணவர் என் காலை மிதித்தார். பாரிசில் படித்த டாக்டருக்கு முன்னால் அமெரிக்க வைத்தியத்தைப் பற்றிப் பேசினால் அவர் மனம் புண்படும் என்று படியில் இறங்கும்போது விளக்கினார்.

என் நாத்தனாருக்கு டப்பா விஷயம் ஜனவரியில் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, இது 'க்யூர்' இல்லை, 'க்யூரே', அதாவது பங்குச் சாமியார், இது சாமியார்மாருக்காக அமெரிக்காவிலிருந்து வரும் இறைச்சி, அதைத் தம்பிக்குக் கொடுப்பது பாவம் என்றார். க்யூரே என்றால் எழுத்தின் தலையில் கோடு இருக்க வேண்டும், கோடு எங்கே என்று நான் கேட்டேன். பெரிய எழுத்துக்குக் கோடு போட மாட்டார்கள் என்றார். நாங்கள் கன்னியர் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் இரண்டு முறை தவறியதால் ஒரே வகுப்பானோம். அதை அன்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம், அதாவது நோன்புக் காலம் வந்ததும் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடலாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் மருந்தா என்று கேட்டார். மருந்து என்றேன். மருந்துக்குத் தடை இல்லை என்று உத்தரவு கொடுத்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தபோது என் கணவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

இந்த மாதம் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் மாதா கோயிலில் சிலுவைப்பாதை நடந்தது. ஆறாம் ஸ்தலத்தில், அதாவது ஆறாவது பாடுகளின் படத்துக்கு முன்னால், முழந்தாளிட்டு எழும்போது என் கணவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. அப்படியே என் மேல் சாய்ந்தார். முப்பது வருடத்தில் அவர் என் மேல் சாய்ந்ததே இல்லை. நான்தான் சாய்வேன். அவர் பாரம் தாங்காமல் நானும் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் தான்சியோன் இருபத்துநாலு. அன்று எனக்கு இருந்த பயத்தை எழுதச் சொன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செருப்பைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மறுநாள்தான் காலைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தான்சியோன் இருபதாகி விட்டது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் வராந்தாவில் எல்லோர் முன்னிலும், என் சமையல் வயிற்றில் போகாத இரண்டே நாளில் தம்பிக்கு இறங்கிவிட்டது, அப்படியானால் கோளாறு என் சமையலறையில்தான் என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருந்தது. பிறகு அவர், "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா நீ?" என்று கேட்டார். நான், "இல்ல அண்ணி. பதினோரு மாசமா போடல" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். நான் திமிராகப் பேசியதாகப் புகாரில் எழுதியிருப்பது தவறு.

அதன் பிறகு போலீசார் என் வீட்டைச் சோதனை போட்டார்கள். உப்பு எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உப்பே இல்லாத வீடு உலகத்தில் உண்டா, எங்கே ஒளித்து வைத்தாய் என்று அரிசிப் பானையைக் கொட்டிப் பார்த்தார்கள். மெத்தையைத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஆறு டப்பாவை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்து வந்தார்கள்.

இதுவரை சொன்ன பிறகு இன்ஸ்பெக்டர், டப்பாவுக்குள் நான் எதையாவது கலந்திருக்கலாம் என்று கூறி, ஒன்றைத் திறக்கச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் அதன் சாவியைத் திருகித் திறந்து, பேனாக்கத்தியால் ஒரு துண்டு அறுத்தார். இன்ஸ்பெக்டர் அதை வாயில் போட்டு, "மன் குவா" என்றார். ரொம்ப உப்பு என்று அர்த்தம். அப்படி இருக்க முடியாது, அது மருந்து என்று நான் சொன்னேன். நத்தர்ஷா பாய், அது பன்றி இறைச்சி என்பதால், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேனா முனையால் டப்பாவைத் திருப்பிப் படித்தார். அவர் இரண்டு வருடமாக அமெரிக்கர்களுக்குத் துணி விற்பதால் இங்கிலீஷ் படிப்பார். 'ஸால்' என்று நான் படித்த சொல்லுக்கே உப்பு என்றுதான் அர்த்தமாம், 'க்யூர்' என்று நான் படித்தது இங்கிலீஷில் உப்பிட்டுப் பதப்படுத்தியது என்பதாம். அவர் என்னிடம் சொன்னது, "இது வைத்தியம் இல்லம்மா. உப்புக்கண்டம்."

சோடியம் என்பதும் உப்போடு சேர்ந்த சரக்குதான் என்று லிசே என்ற பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளியில் ரசாயனம் படித்த இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் சொன்னது என் காதில் சரியாக விழவில்லை. உப்புக்கண்டம் எனக்குத் தெரியாததா? புதுச்சேரியில் என் கையால் எத்தனை முறை உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து கயிற்றில் கோத்துக் காயப் போட்டிருக்கிறேன். பத்து மாதமாக என் வீட்டுக்காரருக்கு உப்புக்கண்டத்தை நூல் பிடித்து அறுத்துப் பத்தியமாகக் கொடுத்திருக்கிறேன். அவர் செத்திருந்தால் கொன்றது நான்தான். இதை எழுதிக்கொள்ளவும்.

பிறகு இன்ஸ்பெக்டர் ஒரு துண்டைக் கத்தி முனையில் நீட்டினார். ரத்தம் சுண்டினால் சுண்டட்டும் என்று வாயில் போட்டேன். உப்புக் கரித்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு என் நாக்கில் பட்ட முதல் உப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. குற்றவாளி அழுதார் என்று எழுத வேண்டாம். நன்றாக இருந்ததால் வந்தது. கேட்காமலே இரண்டாம் துண்டையும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் துண்டை மெல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கு உள்ள எவரும் இதை வாயில் வைத்து உப்பென்று தெரியாமல் இருக்க முடியாது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு விநாடி ஆயிற்று. என் வீட்டுக்காரர் பத்து மாதம் தின்றிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். உனக்காக முழுங்குகிறேன் என்றார். நான் ருசி பார்க்கக் கை நீட்டியபோது ரத்தம் சுண்டும் என்றார். டாக்டர் முன்னால் என் காலை மிதித்தார். சாமியாரின் உத்தரவைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்காக நான் உப்பில்லாத ரசத்தை விழுங்கிக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து, பாவி மனுஷன், பொறுத்துக்கொள் ஜிசேல் என்று எனக்கே ஆறுதலும் சொன்னார். அந்த வீட்டில் பத்தியம் இருந்தது நான் ஒருத்திதான்.

ஆகவே என்னைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்திலிருந்து எடுத்துவிட்டுப் புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் எழுதும்படி கேட்டேன். எந்தச் சட்டப்படி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை என்றேன். அவர் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு வந்து, வழக்கு இல்லை, வீட்டுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்கும் ஒரு சீட்டு எழுதித் தருகிறேன் என்றார்.

தொடக்கத்தில் நான் செய்த விண்ணப்பத்தை, அதாவது கணவருக்கு ஒரு டப்பா அனுப்பும்படி கேட்டதை, அடித்துவிட வேண்டும். டப்பாக்களை நிலையத்திலேயே வைத்துக்கொள்ளலாம். திறந்த டப்பாவை மட்டும் நான் எடுத்துப் போகிறேன்.

எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று இன்னும் கொஞ்ச நாளைக்கு அவரிடம் யாரும் சொல்லக் கூடாது. தான்சியோன் பதினாறுக்கு இறங்கட்டும். இப்போது சொன்னால் அவர் உடம்பு தாங்காது. அவர் பிழைக்க வேண்டும். அதற்காக எத்தனை நாளும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். பதினாறு ஆன அன்று, என் நாத்தனார் வராந்தாவில் என்னைக் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்பேன். என் நாத்தனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

இதில் உள்ளதை நத்தர்ஷா இரண்டு முறை வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லைத் தவிர எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. பிழையான சொல் 'மருந்து'. அது வருகிற இடங்களில் அடிக்க வேண்டாம். அப்படியே ஒரு நகல் எனக்கு வேண்டும். தான்சியோன் பதினாறு ஆன அன்று சாப்பாட்டில், உப்பில்லாத ரசம் ஊற்றிய சோற்றை அவர் பிசைந்துகொண்டிருக்கும்போது, எதிரில் உட்கார்ந்து உப்புப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே வாசித்துக் காட்டுவேன்.

(ஒப்பம்) ஜிசேல் ஞானாதிக்கம்

சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். டப்பாவை நான் ருசி பார்க்கவில்லை.
(ஒப்பம்) நத்தர்ஷா